கயிறு அறுந்த கிடாய்

“தூக்குக் கயிறு அறுந்தால் ஆளை விடுறதோ, திருப்பியும் போடுறதோ?”

கிளிநொச்சியிலிருந்து முரசுமோட்டைக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன்னால் இருந்த பெரியவர் கேட்டார். போதைப்பொருள் விற்பவர்களைத் தூக்கில் போடவேண்டும் என்று அப்போதுதான் பஸ் வானொலியில் யாரோ பேசி முடித்திருந்தார். பெரியவருக்குப் பக்கத்தில் அவருடைய ஊர்க்காரப் பெண். மடியில் உரப்பை. காற்றில் பேச்சுப் போய்விடும் என்று நான் கண்ணாடியைச் சாத்தினேன்.

“திருப்பிப் போடவேணும், அண்ணை. தூள் குடுத்து என்ர பிள்ளையைச் சாக்காட்டினவனை விடச் சொல்லுறியளோ?”

“விடச் சொல்லேல்லைப் பிள்ளை. வெளிநாட்டில ஒருத்தனுக்கு விஷ ஊசி ஏத்தேக்க நரம்பு பிடிபடேல்லையாம். குத்திக் குத்திப் பாத்திட்டு, திருப்பி அறையில கொண்டுபோய் விட்டவங்களாம். இன்னொரு நாள் கொல்லுவினமாம். அதைக் கேட்டதிலயிருந்து எனக்கு எங்கட கோயில்ல கிடாய் வெட்டுற வேள்விதான் ஞாபகம்.”

“ஏன்?”

“போன வருசம் நான்தானே வெட்டினனான். கத்தி கழுத்தில படேல்லை, இழுத்துப் பிடிச்ச கயிறுதான் அறுந்தது. கிடாய் ஓடிட்டுது. அம்மன் வேண்டாமெண்டிட்டா எண்டு பிறகு ஒருத்தரும் அதைப் பிடிக்கேல்லை.”

“அந்தக் கிடாய் ஆரின்ர பிள்ளைக்குத் தூள் வித்தது, அண்ணை?”

வெளியே வயல்கள் போய்க்கொண்டிருந்தன. இறங்குவதற்காகப் பையைத் தூக்கியபோதுதான் அவள் மறுபடி வாய் திறந்தாள்.

“அது இப்ப என்ர வளவுக்குள்ளதான் வந்து நிக்கிறது. நேற்றும் தண்ணி வச்சனான்.”

“தெரியும், பிள்ளை.”

“அந்தத் தூள் வித்தவனுக்கு வைக்கமாட்டன்.”