குழந்தையாகப் படுத்தவள்

சென்ற ஆண்டு நவம்பர் எட்டாம் தேதி மாலை ஏழு மணிக்கு, அரசு மருத்துவமனையின் பழைய கட்டடத்தில், குறைமாதக் குழந்தைகள் வார்டின் செவிலியர் ஆறு பேருக்குப் பயிற்சி வகுப்பு நடந்தது.

புதுக் கட்டடத்திலிருந்து அங்கே போக ஒரே சாலை. சலவைக்கூடத்தைத் தாண்டினால் விளக்கு கிடையாது. என் நண்பனின் மனைவி அந்த இருட்டில் தன் அக்காவோடு நடந்து போனாள். இருவருக்கும் அதே வார்டில்தான் வேலை. நண்பன் சொன்னதை அப்படியே சொல்கிறேன்... கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். சத்தமாகச் சொல்லும் விஷயமில்லை.

அக்காவுக்கு வார்டில் புயல் என்று பெயர். குழந்தை படுத்திருக்கும் கண்ணாடிப் பெட்டியைப் படாரென்று திறப்பாள். விளக்கு வெளிச்சத்தை முகத்தில் அடிப்பாள். குதிகாலில் குத்தி ரத்தம் எடுப்பாள். பிளாஸ்திரியை ஒரே இழுப்பில் உரிப்பாள். உள்ளே ஒரு கிலோகூட இல்லாத உயிர் கைகால் விறைத்து, அழக் குரலில்லாமல் வாயை மட்டும் திறக்கும். அவள் கையில் எந்தக் குழந்தையும் செத்ததில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.

பயிற்சி கொடுக்க வந்த மேடம் வேறு மாதிரி சொன்னாள். தொடுவதற்கு முன்னால் மெதுவாகக் குரல் கொடுங்கள். ஒரு கை தலையில், ஒரு கை பாதங்களில். அசைக்காமல் வைத்திருங்கள். குழந்தை அடங்கிய பிறகு ஊசியை எடுங்கள்.

"பச்சக் குழந்தைகிட்ட பர்மிஷன் வாங்கணுமா மேடம்? பெட்டி பன்னெண்டு, எங்களுக்குக் கை ரெண்டுதான்" என்றாள் புயல். எல்லோரும் சிரித்தார்கள்.

மேடம் சிரிக்கவில்லை. "அப்ப நீங்களே குழந்தையா படுங்க சிஸ்டர்."

அது அந்த வகுப்பில் வழக்கமான பயிற்சி. ஒருத்தி கண்ணைக் கட்டிக்கொண்டு படுப்பாள். மற்றவர்கள் சொல்லாமல் கொள்ளாமல் தொடுவார்கள், கட்டிலைத் தட்டுவார்கள். புயல் படுத்தாள். மேடம் விளக்கை அணைத்து டார்ச்சை எடுத்தாள். மற்றவர்கள் சுவரோரம் நின்றார்கள். யாரும் இன்னும் ஓரடி எடுத்து வைக்கவில்லை.

டப்.

கட்டில் இரும்பு அதிர்ந்தது. மறுபடி... டப். ஸ்பிரிட் வாடை வந்தது.

"யாருடி அது, மெதுவா" என்றாள் புயல்.

அவள் கால் மேலே தூக்கப்பட்டது. தூக்க அங்கே ஆளில்லை. குதிகாலில் ஒரு பொட்டு ரத்தம். பக்கத்தில் இன்னொன்று. பிறகு பீறிட்டது. டார்ச் வெளிச்சத்தில், கன்னத்துத் தோல் சதுரமாக மேலெழும்பி, துணி கிழியும் சத்தத்தோடு உரிந்தது. வாய் திறந்தது, குரல் வரவில்லை. பிடிக்கப் போன ஒருத்தி மணிக்கட்டு முறிந்து சுவரில் போய் விழுந்தாள்.

புயலின் உதடு நீலமானது. மூச்சு நின்றுவிட்டது.

தங்கை ஓடினாள். உலுக்கவில்லை. "அக்கா, நான்தான். தொடப்போறேன்" என்றாள். ஒரு கை தலையில். ஒரு கை, இரண்டு பாதங்களையும் சேர்த்து. விரல்களுக்கு நடுவே ரத்தம் வெதுவெதுப்பாக வழிந்தது. அசையாமல் இருந்தாள்... ஒரு விக்கலோடு மூச்சு திரும்பியது.

யாரோ விளக்கைப் போட்டார்கள். தங்கை கையை எடுக்கப் போனாள்.

"எடுக்காதடி" என்றாள் அக்கா. "கையில ஊசியோட வரிசையில நிக்கிறாங்க."

கண்கட்டு அப்போதும் அவிழ்க்கப்படவில்லை.

காயத்துக்குத் தையல் போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். பகலில் தங்கை, இரவில் அக்காவின் புருஷன். எந்நேரமும் தலையில் ஒரு கை, பாதத்தில் ஒரு கை. ஒருவர் கை வந்த பிறகுதான் அடுத்தவர் கை நகரும். "கல்யாணமான புதுசுலகூட இவ்வளவு நேரம் தொட்டுக்கிட்டு உக்காந்ததில்ல" என்று அவன் மைத்துனியிடம் சொல்லிச் சிரித்தான். ஒருமுறை தும்மல் வந்து கையை எடுத்தான். அந்தச் சின்ன நேரத்துக்குள் அவளுடைய சுண்டுவிரல் ஒடிந்தது. அதன் பிறகு அவன் சிரிக்கவில்லை, தூங்கவும் இல்லை.

ஒரு விடியற்காலை அவன் கண் அசந்தது.

தங்கை வந்து கதவைத் திறந்தபோது அவன் நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தான். சட்டையெல்லாம் ரத்தம். கட்டிலில் இருந்தவளுக்கு முகத்தில் தோல் இல்லை. குதிகால் இரண்டிலும் எலும்பு மட்டும் இருந்தது. எந்தச் சத்தமும் கேட்கவில்லை என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். ஆயுதம் எதுவும் கிடைக்கவில்லை.

புருஷன் மேல் கொலை வழக்குப் போட்டார்கள். ஜாமீன் மறுக்கப்பட்டது.