நிலம் யாருக்கது, ரெஜின்?

ஹலோ... ரெஜின்தானே? நான் ஆபிரகாம் பேசுதேன் டே, டெல்லில இருந்து... ஆமா, ஆமா, மயூர் விஹார்லதான்... சுகம்தான். வாழ எப்படி நிக்கு?... அச்சா, அச்சா. குலை தள்ளிட்டா... நல்லது.

ஒண்ணு கேக்கட்டா? அந்த வாழ நிக்க நிலம் இருக்குல்லா, எங்க அப்பா உங்க அப்பாவுக்குக் குத்தகைக்குக் கொடுத்தது... ஆமா, அதேதான். அது இப்ப யாருக்க நிலம்?... எனக்கதா? அவசரப்படாத டே. நல்லா யோசிச்சுச் சொல்லு... யோசிச்சாலும் எனக்கதுதானா...

(கைப்பேசியைக் கையால் மூடி, மனைவியிடம்) எவாஞ்சலின், அந்த மிக்ஸிய நிறுத்து. வக்கீல் சொன்னாருல்லா, 'நிலம் என்னுது'ன்னு குத்தகைக்காரன் வாயால ஒரு தடவ சொல்லிட்டாப் போதும், அவன் உரிமையெல்லாம் போச்சு, வெளியேத்திரலாம்னு. இவன் சொல்லவே மாட்டேங்கான்.

ஹலோ, இருக்கேன், இருக்கேன்... அங்க கெணறு வெட்டினது நீதானே?... தென்ன வச்சது?... அதையெல்லாம் பாக்கும்போது, 'இது எனக்க நிலம்'னு மனசுல ஒரு எண்ணம் வராதா?... ஒருநாள்கூட வரலியா... ஆமா, ஆமா, கர்த்தருக்குப் பயந்த குடும்பம். தெரியும்.

என்ன? சர்வேயர் வந்திருக்காரா? இப்பவா?... அச்சா, பக்கத்து நிலத்துக்காரன் வரப்ப வெட்டிட்டானா... சொந்தக்காரன் வந்து நின்னாத்தான் அளப்பாராமா?

(மூடி) எவாஞ்சலின், தேவன் வழி தொறந்துட்டாரு.

ரெஜின், கேளு. டெல்லில இருந்து நான் பறந்தா வர முடியும்? நீ போய் நில்லு. 'நான்தான் சொந்தக்காரன்'னு சொல்லு... சத்தமாச் சொல்லு, நாலு பேரு கேக்கட்டும்... ஏன்?... பொய்யா? இதுல என்ன பொய்?... சரி, பாவம்னா அது எனக்கு வரட்டும்... இன்னும் என்ன டே? நானே சொல்லுதேன்லா, அது உனக்க நிலம். ஆபிரகாம் சொல்லுதேன், உனக்க நிலம், உனக்க நிலம். போதுமா?

...யாரு? யாருகிட்ட ஃபோனக் கொடுத்த?... ஸ்பீக்கர்லயா போட்டிருந்த?

வணக்கம் சர்வேயர் சார்... ஆமா, ஆபிரகாம்தான்... ஆமா சார், சொன்னது நான்தான். அது சும்மா ஒரு பேச்சுக்கு... நிலம் அவனுக்கதுன்னு எழுதாதீங்க சார், தயவுசெஞ்சு... எல்லாரும் கேட்டாங்களா? பக்கத்து நிலத்துக்காரனுமா?... சார், ரெஜின்கிட்டயே கேளுங்க. இவ்வளவு நேரம் எனக்க நிலம்னுதான் சொல்லிட்டிருந்தான். நல்ல பையன், பொய் சொல்ல மாட்டான்...

கேட்டீங்களா?... என்ன சொல்லுதான்?... முதலாளி சொன்னத மறுத்துப் பேச மாட்டானாமா?... மறுத்தா குத்தகை போயிருமா?... அவனுக்கு இத யாரு சார் சொன்னா?... வக்கீலா? எந்த வக்கீல்?... எனக்க வக்கீலா?

ஹலோ... சார்... ரெஜின்... ஹலோ?