துளை போட்ட இடமெல்லாம் கெட்டி

மழை பெய்ததும் மண் வாசனை ஆளைத் தூக்குகிறது என்று எல்லாரும் சொல்வார்கள். எனக்கு அது பிடிக்காது. மழை வந்தால் துளை போடும் வண்டி சேற்றில் சிக்கிக்கொள்ளும். அரை நாள் வேலை வீண். என் தொழில் அப்படி. நகரத்தில் யாராவது கட்டடம் கட்டப் போனால், அதற்கு முன்னால் அந்த மனையின் அடியில் என்ன இருக்கிறது என்று பார்த்துச் சொல்பவன் நான். பழைய குப்பைமேடா, மூடிப்போன கிணறா, எல்லாரும் மறந்துவிட்ட சாக்கடையா என்று பார்ப்பேன்.

அதனால் என் அத்தான் எனக்கு ‘ஓட்டை’ என்று பெயர் வைத்தார். அக்காவின் கணவர், கட்டடம் கட்டி விற்பவர். நான் வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம், “ஓட்டை வந்தாச்சு, எல்லாரும் காலை மேல தூக்கி வச்சுக்குங்க” என்பார். நானும் சிரிப்பேன்.

நீங்கள் காரணம் கேட்கிறீர்கள், ஐயா. கோபம் என்று எழுதிக்கொள்ளலாம். ஆனால் நான் கத்துகிற ஆள் இல்லை. மேசையைத் தட்டிக்கூடப் பேசியதில்லை.

ஆற்றோரம் அவர் கட்டிய குடியிருப்புக்கு மண் பரிசோதனை செய்தது நான். இது கொட்டி நிரப்பிய மண், அஸ்திவாரத்தை ஆழமாகப் போடுங்கள் என்று சொன்னேன். அவர் வேறொருவரைக் கூட்டிவந்து, தனக்கு வேண்டிய பதிலை வாங்கிக்கொண்டார். கட்டடம் எழுந்தது. நின்றது. திறப்பு விழாவில், விருந்தினர் முன்னால், என் தோளில் கைபோட்டு நடுக்கூடத்துக்கு இழுத்துப்போனார்.

“குதிடா.”

“எதுக்கு அத்தான்?”

“சும்மா குதி. இடிஞ்சு விழுதான்னு பாப்போம்.”

குதித்தேன். “இன்னும் பலமா” என்றார். இன்னொரு தடவை குதித்தேன். கூடமே சிரித்தது. என் மனைவியும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அக்கா மட்டும், “விடுங்க, பாவம்” என்றாள். சிரிப்பைவிட அந்தப் ‘பாவம்’தான் உள்ளே போய்த் தங்கியது.

அந்தக் கட்டடம் ஒருநாள் விரிசல் விடும் என்று காத்திருந்தேன். அந்த வழியாகப் போகும்போதெல்லாம் சுவரைப் பார்ப்பேன். ஒரு கீறல் இல்லை. விழ வேண்டிய கட்டடம் வெட்கமில்லாமல் நின்றுகொண்டிருந்தது.

பிறகு கடைத்தெருவில், பழைய சோப்புத் தொழிற்சாலை இருந்த மனையை அத்தான் வாங்கினார். “வெளியாள் எதுக்கு, நம்ம ஓட்டையே பாக்கட்டும்” என்றார். குழந்தை வண்டி மாதிரித் தள்ளிக்கொண்டு போனால், மண்ணுக்கு அடியில் இருப்பதைத் திரையில் காட்டும் ராடார் கருவி என்னிடம் இருக்கிறது. தெருமுனைப் பக்கம் வந்தபோது திரையில் ஒரு வளைவு விழுந்தது. தரைக்கு அடியில் செங்கல் தொட்டி. அதன்மேல் வளைவுக் கூரை. உள்ளே வெறும் காற்று. தொழிற்சாலைக்காரர்கள் மூடிவிட்டு மறந்துபோனது. அதற்கு நேர்மேலே என்ன வருகிறது என்று வரைபடத்தைப் பார்த்தேன். அத்தானின் அலுவலக அறை.

துளை போடுகிறவர் என்னோடு பல வருடம் வேலை செய்தவர். நான் போட்டிருந்த சுண்ணாம்புக் குறியில் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

“கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கலாம்” என்றேன்.

“ஏன் சார், இங்கதானே குறி வச்சீங்க?”

“கேபிள் போகுது.”

இந்த விஷயத்தில் நான் சொன்ன பொய் அது ஒன்றுதான். தொட்டிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் துளை போட்டோம். அருமையான மண். உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுத்தேன். ராடார் படத்தை மட்டும் அழித்துவிட்டேன்.

யாருக்கும் எதுவும் ஆக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. சுவரில் ஒரு விரிசல். அத்தான் என்னைக் கூப்பிட்டு அதைக் காட்ட வேண்டும். அவ்வளவுதான் என் எண்ணம். பழைய செங்கல் வளைவு விரிசல் காட்டிக்கொண்டு நிற்காது, விட்டால் ஒரேயடியாக விடும் என்பது இந்தத் தொழிலில் எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

கட்டி முடிந்தபின் அத்தான் மனம் மாறினார். தெருச் சத்தம் பிடிக்கவில்லை என்று அலுவலகத்தைப் பின்பக்கம் மாற்றிக்கொண்டு, அந்த அறையை அக்காவுக்குக் கொடுத்தார். அக்கா அங்கே தையல் வகுப்பு தொடங்கினாள். மிஷின்களை இறக்கிய அன்று என்னைக் கூப்பிட்டிருந்தாள். ஜன்னலுக்குத் தானே தைத்த திரைகளை மாட்டியிருந்தாள். குதிகாலால் தரையைத் தட்டினாள்.

“இத்தனை மிஷினும் ஒண்ணா ஓடும்டா. தாங்குமில்ல? நீதானே பாத்தே?”

அப்போது சொல்லியிருக்கலாம். சொன்னால் அத்தானுக்குத் தெரிந்துவிடும்; ஆயுசுக்கும் அதைச் சொல்லியே சிரிப்பார். தவிர, நான் அவளிடம் பொய் சொல்லவில்லை.

“நான் துளை போட்ட இடமெல்லாம் பாறை மாதிரி கெட்டிதான்க்கா.”

“அப்ப சரி. நீ சொன்னா எனக்குப் போதும்” என்றாள்.

அடைமழைக் காலத்தில் தெருவில் தண்ணீர்க் குழாய் உடைந்து, நீர் முழுதும் மண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு முற்பகலில், வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது, அந்த அறை அப்படியே உள்ளே போயிற்று. நான் போய்ச் சேர்ந்தபோது தீயணைப்புக்காரர்கள் எங்கே கால் வைப்பது என்று தெரியாமல் நின்றிருந்தார்கள். சுண்ணாம்புப் பொடி வாங்கி, தொட்டியின் விளிம்பு எப்படிப் போகிறதோ அப்படியே கோடு இழுத்தேன். கருவி எதுவும் இல்லை. கோட்டை முடித்து நிமிர்ந்தபோது துளை போடுகிறவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். உங்களிடம் வந்து சொன்னது அவர்தான். அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

இரண்டு பெண்களை மட்டும் உயிரோடு எடுத்தார்கள். அக்காவை மறுநாள்தான் எடுக்க முடிந்தது.

ஆமாம், ஐயா, தெரிந்துதான் செய்தேன். துளையைத் தள்ளிப் போட்டது அத்தானைக் கொல்ல. அக்கா தரையைத் தட்டிக் கேட்டபோது வாயை மூடிக்கொண்டது அவளையும், வகுப்புக்கு வந்த பெண்களையும் கொல்ல. அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அக்காவை எடுத்த அன்று அத்தான் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். “எனக்குத் தெரியாமப் போச்சேடா” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நான் பக்கத்திலேயே உட்கார்ந்து, பொறுமையாகக் காத்திருந்தேன். இவ்வளவு நடந்த பிறகும் அந்த மனிதர் என்னிடம் ஒரு மன்னிப்புக் கேட்கவில்லை.