நெற்றியில் சாம்பல் பூசிய முகமூடி

தலைமை ஏற்றிருக்கும் நகரத் தலைவர் வெர்மாண்டர் அவர்களே, அருங்காட்சியகக் குழுவின் அறிஞர் பெருமக்களே, முன்வரிசையை நிறைத்திருக்கும் முதியோரே, இறால் கூடையை வாசலில் இறக்கிவைத்துவிட்டு வந்திருக்கும் நம் ஒஸ்டெண்டுத் துறைமுகத்தின் தாய்மார்களே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

என் மறைந்த கணவர் அக்கீல் வரைந்த படம் இந்தத் திரைக்குப் பின்னால் இருக்கிறது. திறந்துவைக்க என்னை அழைத்தீர்கள். திறப்பேன். ஆனால் படத்தின் கீழே "பொய்ம்மையும் மரணமும்" என்று ஒரு பலகையைத் திருகி மாட்டியிருக்கிறீர்களே, அது அங்கே இருக்கும்வரை திறக்க மாட்டேன்.

மேசைமேல் ஒரு மீன், ஓர் எலுமிச்சை, விரிசல் விட்ட நீலக் கூஜா, நடுவில் ஒரு முகமூடி. முகமூடி என்றால் பொய்யாம். அதன் நெற்றிக் கறை என்றால் சாவாம். அறிஞர்களே, இதை எந்த ஊரில் படித்தீர்கள்? நம் ஊர்த் திருவிழாவில் முகமூடி எதற்கு? மாட்டிக்கொண்டவர் குரலை மாற்றி யாரிடமும் எதையும் சொல்லலாம்; கேட்டவர் கோபிக்கக் கூடாது. ஆண்டெல்லாம் வெறும் முகத்தோடு பொய் சொல்கிறோம். அன்று ஒருநாள் முகத்தை மூடிக்கொண்டு உண்மை சொல்கிறோம்! அங்கே வாசலோரம் சிரிக்காதே சிடோனி, முகமூடி மாட்டிக்கொண்டு நீ என்னிடம் சொன்னதும் எனக்கு மறக்கவில்லை.

அந்நாளில் அக்கீல் ஓட்டல்களுக்குப் பழமும் மீனும் வரைந்துகொண்டிருந்தார். வண்ணம் இருந்தது, வனப்பு இருந்தது, வாங்க ஆளும் இருந்தது, உயிர் இல்லை. ஊரே புகழ்ந்தது. அவருக்கோ தூரிகையைத் தொடவே கசந்தது.

திருவிழா மாலை, துறைமுகச் சத்திரத்தில் ஒரு கோணல்மூக்கு முகமூடி அவர் எதிரே வந்து கீச்சுக்குரலில் கத்தியது: "ஏய் அக்கீலு! நீ வரையற மீனைப் பூனைகூடத் திரும்பிப் பாக்காது! ஓட்டல்காரன் சோபாவுக்குப் பொருத்தமா பழம் போடுற. கையில வித்தை இருக்கு, நெஞ்சுல தைரியம் எங்கடா?"

"யாருடி நீ? மூக்கையாவது காட்டிட்டுப் போ!" என்றார் அவர்.

"கோவப்பட்டா எல்லாருக்கும் பீர் நீதான் வாங்கணும் அக்கீலு!" என்று சத்திரமே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

மறுநாள் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன். கோயிலில் நெற்றியில் சாம்பல் இட்டுக்கொண்டு வீடு திரும்பினேன். நிலக்கரித் தொட்டியில் நான் ஒளித்துவைத்த அந்தக் கோணல்மூக்கு முகமூடி, அவருடைய மேசையில் மீனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது!

ஆம் தாய்மார்களே, நான்தான். கன்னியர் மடத்துப் பள்ளியில் படித்தவள். கணவனை எதிர்த்து ஒரு சொல் பேசக் கூடாது என்று வளர்க்கப்பட்டவள். வெறும் முகத்தோடு எனக்கு அந்தச் சொற்கள் வந்திருக்குமா?

அக்கீல் என்னை நிமிர்ந்து பார்த்தார். "நெத்தியைத் துடைச்சிடாத, கிளாரிஸ். கொஞ்சம் வெளிச்சத்துக்கு வா" என்றார். தூரிகையைச் சாம்பல் நிறத்தில் தோய்த்து, படத்தில் அதற்குள் வரைந்திருந்த முகமூடியின் நெற்றியில் ஒரு தீற்றுத் தீற்றினார். அதற்குப் பிறகு ஓட்டலுக்கென்று அவர் ஒரு பழம்கூட வரையவில்லை.

அறிஞர்களே, நீங்கள் மரணம் என்று எழுதியது என் நெற்றி! பொய்ம்மை என்று எழுதியது, எங்கள் வீட்டில் பேசப்பட்ட ஒரே பெரிய உண்மை!

தலைவர் அவர்களே, பலகையைக் கழற்றத் திருப்புளி வந்துவிட்டதா? நல்லது. பலகை இறங்கட்டும், திரையை நான் விலக்குகிறேன். பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு நன்றி. உண்மை சொல்லும் துணிவு உங்கள் வெறும் முகங்களுக்கும் வாய்க்கட்டும். வணக்கம்.