கண்ணுக்குத் தெரியாத தையல்

இன்னும் கொஞ்சம் பக்கத்தில் வந்து உட்கார் மகளே. உன் சீருடையின் இரண்டாவது பொத்தான் ஒற்றை நூலில் தொங்குகிறது. நீ உள்ளே வந்ததிலிருந்து என் கண் அதன்மேலேயே இருக்கிறது. ஊசியும் நூலும் என் கைப்பையில்தான் இருந்தன. வாசலில் நின்ற உங்கள் காவலர் வாங்கி வைத்துக்கொண்டார். போகட்டும். இந்தக் காப்பி ஆறுவதற்குள் உனக்கு ஒரு கதை சொல்கிறேன். சிரிக்கவும் இடம் இருக்கிறது, கடைசியில் ஒரு சாவும் இருக்கிறது.

என்னை உனக்குத் தெரியும். எழுத்தில் வரவேண்டுமே என்று சொல்கிறேன்: நான் தையற்காரி தோன்கா. நீ பள்ளி முடித்த வருஷம் நடனத்துக்குப் போட்டுப்போன பச்சைப் பட்டு கவுன் நான் தைத்தது. உன் அம்மா அதைத் தலைநகர் சோபியாவில் வாங்கியதாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். அதையெல்லாம் நான் மனசில் வைத்துக்கொள்வதில்லை.

இறந்துபோன ஸ்வெட்லினைப் பற்றித்தானே கேட்கிறாய். பகலில் கைப்பேசி விற்பான்; சனி ஞாயிறுகளில் அவன் இயக்குநர். சாம்பல் நிற அங்கி போட்ட விண்வெளிக் காவலர்கள் கிரகம் கிரகமாகப் போய்ச் சண்டை போடும் வெளிநாட்டுத் தொடர் ஒன்று முன்பு தொலைக்காட்சியில் வந்ததே, நினைவிருக்கிறதா? பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். அதற்கு உயிரை விடுகிறவர்கள் பல்கேரியா முழுக்க இருக்கிறார்கள். மிச்சக் கதையைத் தாங்களே படமாக எடுக்கிறார்கள். நம் ஊர்ச் செம்பாறைகள் பார்க்க வேற்றுக் கிரகம் மாதிரி இருப்பதால் ஸ்வெட்லினுக்கு கிரகம் இலவசம். மற்றதெல்லாமும் அவனுக்கு இலவசம்தான்.

கதை இன்னொருவருக்குச் சொந்தமானது. அதை வைத்துக் காசு பார்த்தால் வழக்குப் போடுவார்கள். அதனால் யாருக்கும் கூலி கிடையாது. என் வீட்டுக்கு முதல்முதலாக வந்தபோது இதை அவன் அழகாகச் சொன்னான்.

"அத்தை, நம்ம படத்துல பேர்தான் கூலி. கடைசியில எல்லார் பேரும் திரையில மேல ஏறிப் போகும் பாருங்க, உடம்பு சிலிர்த்துடும்."

என் உடம்பு அப்போதே சிலிர்த்தது. பொய் சொல்வானேன். பிறந்தது முதல் என் பெயர் எழுத்தில் வந்த இடங்கள் மின்சாரக் கட்டணமும் விவாகரத்துத் தீர்ப்பும்தான்.

குளிர்காலம் முழுக்கத் தைத்தேன். ராணுவக் கம்பளிகளைச் சாயம் போட்டு அங்கியாக்கினேன். மாமியாரின் திரைச்சீலை ஒரு மகாராணிக்குப் போனது. படத்தை ஊர் வாசகசாலை மண்டபத்தில் போட்டார்கள். பெயர்கள் ஏற ஆரம்பித்தன. கதை, ஸ்வெட்லின். இயக்கம், ஸ்வெட்லின். படத்தொகுப்பு, ஸ்வெட்லின். உடை வடிவமைப்பு, ஸ்வெட்லின். ஒருநாள் உணவுவிடுதியில் கைதுடைக்கும் தாளில் அங்கி மாதிரி ஏதோ கிறுக்கியிருந்தான். பிறகு 'மன உறுதி தந்தவர்: மார்கோ' என்று வந்தது. மார்கோ அவனுடைய பூனை. எல்லாம் முடிந்து 'நண்பர்களும் பிறரும்' என்று ஒரு வரி ஓடியது. நான் அந்த வரிக்குள் எங்கேயோ இருந்தேன்.

"பூனைக்குப் பேர் இருக்கேப்பா" என்றேன் வெளியே வந்து.

"பூனை ஒரு காட்சியில வருது அத்தை. நீங்க வரலையே."

கேமரா பிடிக்கும் யாவோர் பக்கத்தில் நின்றிருந்தான். நல்ல பையன், வாய்தான் கொஞ்சம் நீளம். "அத்தை, அடுத்த படத்துல மியாவ்னு ஒரு தடவை கத்திட்டுப் போயிடுங்க, பேர் வந்துரும்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இரண்டாவது படத்தில்தான் எனக்குப் புத்தி வந்தது. ஒலி பிடிக்க கெஞ்சோ என்று ஒரு கிழவர் வந்தார், உனக்கும் தெரிந்திருக்கும், பேருந்து ஓட்டியவர். இரண்டு நாள் ஒலிவாங்கி மாட்டிய கோலைத் தூக்கிப் பிடித்தார், அதையும் காட்சிக்குள் நீட்டி நீட்டிக் கெடுத்தார். மூன்றாம் வாரம் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். படம் வந்தபோது, ஸ்வெட்லின் பெயருக்கும் முன்னால், திரை முழுக்கக் கறுப்பு. நடுவில் வெள்ளை எழுத்தில் 'கெஞ்சோவின் நினைவுக்கு'. மண்டபமே எழுந்து நின்றது. அவருடைய மனைவி அழுதாள். எனக்கு அந்த முறையும் 'நண்பர்களும் பிறரும்'. இப்போது நான் பூனைக்கு இரண்டு வரி கீழே.

அன்று வீட்டுக்கு நடந்து போகும்போது வழியெல்லாம் பார்த்துக்கொண்டே போனேன். கதவிலும் மின்கம்பத்திலும் பேருந்து நிறுத்தத்திலும் கறுப்புக் கரை போட்ட சாவுத் தாள்கள். படம், பெயர், பிரிந்து வாடும் குடும்பத்தார். நாற்பதாம் நாளுக்கு ஒரு தாள், ஆறு மாதத்துக்கு ஒன்று, வருஷத்துக்கு ஒன்று. நம் ஊரில் ஒருவரின் பெயரைப் பெரிதாகப் போடுகிறார்கள் என்றால் அது இதற்கு மட்டும்தான். இத்தனை வருஷம் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை.

நானே செத்துப்போகலாமா என்றுகூட யோசித்தேன். ஆனால் திரையை யார் பார்ப்பது?

மூன்றாவது படத்தில் ஸ்வெட்லினே நாயகன். ஒரு பாறையிலிருந்து எதிர்ப்பாறைக்கு அங்கி பறக்கத் தாவவேண்டும். மலையேறுகிறவர்கள் கட்டும் வாரை யாவோர் எங்கிருந்தோ இரவல் வாங்கி வந்தான். அது வெளியே தெரிகிறது என்று ஸ்வெட்லினுக்குக் குறை. வாரைப் பிரித்து உடுப்புக்குள் வைத்துத் தைக்கச் சொன்னான். கயிறு மாட்டும் வளையம் மட்டும் முதுகுப் பக்கம் எட்டிப்பார்க்க வேண்டும்.

அளவு பார்க்க என் சமையலறைக்கு வந்தான். பாலாடைக்கட்டி வைத்துப் பனிட்சா சுட்டிருந்தேன், தயிரோடு மூன்று துண்டு சாப்பிட்டான். நான் நியாயமானவள் மகளே. அவனுக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்தேன்.

"இந்தப் படத்துலயாவது என் பேரைப் போடுவியா?" என்று கேட்டேன். வாயில் ஊசிகள் இருந்ததால் மெதுவாகத்தான் கேட்டேன்.

அவன் விரலை நக்கிக்கொண்டே சொன்னான்: "அத்தை, தையல்ங்கிறது கண்ணுக்கே தெரியக் கூடாது. தெரிஞ்சா அது கெட்ட தையல். நீங்க கலைஞர் அத்தை, உங்களுக்கு எதுக்குப் பேரு?"

சரிதானே. தொழில் தெரிந்தவன் போலப் பேசினான். சரிப்பா என்றேன்.

அளவு பார்க்கும்போது துணியைச் சும்மா பிடித்து வைக்க, நீளம் நீளமாக ஒரு தையல் போடுவோம். ஓட்டுத் தையல் என்போம். உடுப்பு முடிந்ததும் முடிச்சை வெட்டி ஓர் இழு இழுத்தால் முழுதும் வந்துவிடும். வாருக்குப் போடவேண்டியது அதுவல்ல. மெழுகு நூலில் முன்னும் பின்னுமாக, மூன்று வரிசை. அதற்கு எனக்கு ஒரு பொழுது ஆகும். ஓட்டுத் தையலை அரைக் கோப்பை காப்பிக்குள் முடித்துவிட்டேன். மேலே பட்டையை மடித்து மூடினேன். உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அவன் கேட்டது போலவே.

பாறையில் யாவோர் வளையத்தைக் கையால் இழுத்துப் பார்த்தான். கையால் இழுத்தால் அது தாங்கும். "தோன்கா அத்தை தைச்சது, யானையைக் கட்டலாம்" என்றான். ஸ்வெட்லின் என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். பிறகு தாவினான்.

அங்கி நன்றாகப் பறந்தது. அதைச் சொல்லியே ஆகவேண்டும். கீழ்விளிம்பில் ஈயக் குண்டுகள் வைத்துத் தைத்திருந்தேன்.

எனக்கு அவன்மேல் கோபமே இல்லை. அவன் காரியத்துக்கு, வழக்கப்படி, அவித்த கோதுமையில் சர்க்கரையும் வாதுமைக் கொட்டையும் தூவி எல்லாருக்கும் கொடுத்தது நான்தான். அவன் வாழ்நாள் முழுக்க ஆசைப்பட்டதைவிடப் பெரிய எழுத்து அவனுக்குக் கிடைக்கச் செய்தேன். தெருத்தெருவாக அவன் முகம். யார் செய்வார்கள் இவ்வளவு?

நேற்று நாற்பதாம் நாள். யாவோர் படத்தை முடித்து வாசகசாலையில் போட்டான். முதலில் திரை முழுக்க ஸ்வெட்லின். எல்லாரும் எழுந்து நின்றோம். அந்தத் தாவலையும் அப்படியே வைத்திருக்கிறான், பாதியில் வெட்டி. பிறகு பெயர்கள் ஏறின. நான் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். இப்போது தடுக்க ஆளில்லையே. உடை வடிவமைப்பு, ஸ்வெட்லின். மார்கோ. நண்பர்களும் பிறரும்.

"யாவோர், என்னப்பா இது?" என்று கேட்டேன்.

"அவன் எழுதி வச்சபடியே போட்டேன் அத்தை. செத்தவன் விருப்பம், மாத்தினா நல்லாவா இருக்கும்?"

அதைக்கூடத் தாங்கிக்கொண்டிருப்பேன். அடுத்ததாக அவன் சொன்னதுதான் தாங்கவில்லை. "உங்க மேல யாருக்கும் வருத்தமில்லை அத்தை. தையல் இத்துப்போச்சுன்னு போலீஸே முடிச்சுட்டாங்க. வயசாயிருச்சு, கை தளர்ந்திருக்கும்."

இற்றுப்போனதாம். என் தையல். உன் பச்சைக் கவுனை இன்றைக்கு எடுத்து இரண்டு ஆள் இரண்டு பக்கம் இழுத்துப் பார், பட்டு கிழியும், தையல் கிழியாது. என் கையிலிருந்து போனது எதுவும் தானாகப் பிரிந்ததில்லை. இது பிரிந்தது, பிரியும்படி நான் தைத்ததால். ஒவ்வொரு இழையும் எனக்குத் தெரிந்து, வேண்டுமென்றே, நல்ல வெளிச்சத்தில், கை நடுங்காமல் போட்டது. ஸ்வெட்லினைக் கொன்றது விதியோ பழைய நூலோ அல்ல. நான்.

பெயருக்காக வந்தேன் என்று நினைக்காதே. எனக்கு அந்த ஆசையெல்லாம் எப்போதோ விட்டுப்போயிற்று. உண்மை உண்மையாக இருக்கவேண்டும், அவ்வளவுதான். எழுதிக்கொள்: தோன்கா. தனி வரியில் போடு மகளே, பக்கத்தில் வேறு யாரும் வேண்டாம். இன்னும் கொஞ்சம் பெரிதாக. இப்போது எனக்கு ஒரு தடவை வாசித்துக் காட்டு.

நன்றாக இருக்கிறது.

நீ நன்றாக இரு. உன் வீட்டுக் கதவில் கறுப்புக் கரைத் தாள் நெடுங்காலம் ஒட்டப்படாமல் இருக்கட்டும். உன் அடுப்பு அணையாமல் இருக்கட்டும். உன் அம்மாவுக்கு நீண்ட ஆயுள் கிடைக்கட்டும். உன் வீட்டில் யார் எதைச் செய்தாலும், செய்தவர் இன்னார் என்று பெயர் சொல்ல ஒரு வாய் எப்போதும் அங்கே இருக்கட்டும்.