அருவிப் படமும் அத்தையின் முதல் பேச்சும்

...ஆக, மணமக்களை வாழ்த்துறதுக்கு முன்னாடி ஒரு கதை சொல்லிக்கிறேன். பயப்படாதீங்க, நிஜமாவே குட்டிக் கதைதான். வேற யாரு கதையும் இல்ல... என் கதை.

எனக்குக் கல்யாணமாகி நாலு மாசம். தலை தீபாவளிக்கு மாமனார் வீட்டுக்குத் திண்டுக்கல் போயிருக்கேன். மாமனார் அழகுமலை, லைன்மேன். கரண்டுக் கம்பத்துல ஏறினா சிங்கம்... என்னைக் கண்டா மட்டும் கூச்சம். மாமியார் பாக்கியத்தாய் அதுக்கும் மேல. என்கிட்ட நேரா ஒரு வார்த்தை பேசினதில்ல. நான் சாப்பிட உக்காந்திருப்பேன். "தேனு... மாப்பிள்ளைக்கு இன்னொரு தோசை வேணுமான்னு கேளு"ம்பாங்க. நான் ரெண்டடி தூரத்துல இருக்கேங்க! நானும், "போதும்னு சொல்லு தேனு"ம்பேன். நடுவுல என் பொண்டாட்டி தேன்மொழி, தபால்காரி மாதிரி.

எல்லாரையும் சினிமாவுக்குக் கூட்டிட்டுப் போகணும் இல்லையா, புது மாப்பிள்ளை? போனேன். என்ன படம்? விண்வெளிக் கதை, வெளிநாட்டுக்காரன் எடுத்தது, தமிழ் டப்பிங், கறுப்புக் கண்ணாடி போட்டுப் பாக்கிற த்ரீ டி. அதுவும் ரெண்டாம் பாகம். முதல் பாகத்தை எங்கள்ல ஒருத்தரும் பாக்கல!

படம் எப்படி? அழகைக் குறை சொன்னா நாக்கு அழுகிடும். ஒரு கிரகம் காட்டுறான் பாருங்க... அங்க அருவி கீழ விழாது, மேல போகும். மேகத்துக்குள்ள தங்க மீன் நீந்தும். தண்ணி நம்ம மூஞ்சியில தெறிக்குது, ஜனங்க கையை நீட்டித் தொட்டுப் பாக்குறாங்க. முதல் ஒரு மணி நேரம் தியேட்டரே "ஆ"ன்னு வாயைப் பிளந்துச்சு. ரெண்டாவது மணி நேரம் அதே வாய்... கொட்டாவிக்குத் திறந்துச்சு.

மூணாவது மணி நேரம்? ஹீரோ வில்லனைக் கொன்னாச்சு. எல்லாரும் காலால செருப்பைத் துழாவுறாங்க. வில்லனுக்கு ஒரு அண்ணன் வர்றான்! அண்ணனும் செத்தான். மறுபடியும் செருப்பு. கிரகமே வெடிக்குது... அப்பாடான்னா, பக்கத்துல இன்னொரு கிரகம். அங்கயும் அருவி!

எனக்கு மண்டை இடிக்குது. போயிடலாமான்னு மாமாவைத் திரும்பிப் பாத்தேன். மனுஷன் சிலையா உக்காந்திருக்காரு. கால் மட்டும் தடதடன்னு தாளம் போடுது. "அடடா... இப்படி ரசிக்கிறவரை எழுப்பலாமா"ன்னு பேசாம உக்காந்துட்டேன்.

அது தாளம் இல்லீங்க...

மாமாவுக்குச் சர்க்கரை வியாதி. அடிக்கடி ஒண்ணுக்குப் போகணும். இடைவேளையில பாத்ரூம் வரிசை வாசல் வரைக்கும் நின்னுச்சு, பெல் அடிச்சதும் திரும்பி வந்துட்டாரு. இப்ப நடு சீட்டு. எந்திரிச்சா, "படம் பிடிக்கலை போல"ன்னு மாப்பிள்ளை நினைச்சிடுவாரு. உக்காந்திருந்தா வேட்டியோட மானம் போயிடும்! உசிரைக் கையில பிடிச்சுக்கிட்டு நிமிந்து பாத்தா... எதுத்தாப்புல அருவி! ஐயா, நீங்களே சொல்லுங்க... அந்த நிலைமையில இருக்கிற மனுஷனுக்கு அருவியைக் காட்டலாமா?

மாமா அத்தை கையை இறுக்கிப் பிடிச்சாரு. முப்பது வருஷம் கூட வாழ்ந்தவங்களுக்கு அந்த ஒரு பிடி போதாதா? அத்தை மகளைத் தேடுறாங்க. தேனு அந்தக் கோடியில, கண்ணாடி போட்டபடியே தூங்கிட்டா. தூது போக ஆளில்ல! படத்துல ஹீரோயின் சாகப் போறா, தியேட்டர்ல மூச்சுச் சத்தம் இல்ல. அத்தை கண்ணாடியைக் கழட்டினாங்க... என் பக்கம் திரும்பினாங்க...

"மாப்பிள்ளை... இது எப்போங்க முடியும்?"

என்கிட்ட அவங்க பேசின முதல் வார்த்தை! தியேட்டர் முழுக்கக் கேட்டுச்சு. பால்கனியில இருந்து ஒருத்தன், "நல்லாக் கேளுங்கம்மா!"ன்னான். விசில்... கைதட்டல்... கூரை பிச்சுக்கிச்சு. "அத்தை, சத்தியமா எனக்கும் தெரியல அத்தை"ன்னேன். அவங்க சிரிச்சாங்க பாருங்க... எனக்கு நாலு மாசத்துப் பாரம் இறங்கிடுச்சு.

அந்தக் கலாட்டாவுல மாமா எந்திரிச்சாரு. அவர் எந்திரிச்சதும் எங்க வரிசையில பாதிப் பேர் எந்திரிச்சாங்க! எல்லாரும் ஒரே இடத்துக்குத்தான். அத்தனை பேரும், பக்கத்து ஆள் என்ன நினைப்பாரோன்னு அடக்கிக்கிட்டு இருந்திருக்காங்க!

மாமா திரும்பி வந்தாரு. முகத்துல அப்படியொரு நிம்மதி. "கிளம்பலாமா மாமா?"ன்னேன். உக்காந்து கண்ணாடியை மாட்டிக்கிட்டு, "இருங்க மாப்ள... இப்பத்தான் அந்த மீனெல்லாம் கண்ணுக்குத் தெரியுது. என்ன அழகா எடுத்திருக்கான்!" கடைசி வரைக்கும் இருந்து பாத்தாரு.

தம்பி சிபி... கல்யாணப் பொண்ணு மதியழகி... கேட்டீங்களா? அழகான வாழ்க்கை உங்களுக்குக் காத்திருக்கு. ஆனா சங்கடத்தை அடக்கிக்கிட்டு உக்காந்திருந்தா எந்த அழகும் கண்ணுல ஏறாது. "அவர் என்ன நினைப்பாரோ, அவங்க வீட்ல என்ன சொல்வாங்களோ"ன்னு தயவுசெஞ்சு இருக்காதீங்க. முடியலையா? வாயைத் திறந்து சொல்லுங்க. பக்கத்துல கால் ஆடுதா? தாளம்தானான்னு ஒரு வார்த்தை கேளுங்க. எப்பவும் நடுவுல தேனு இருக்க மாட்டா!

இதுல இன்னும் ரெண்டு கருத்து இருக்கு...

யாருங்க அது, கதவோரமா? சமையல்காரர் தவசியா? கரண்டியும் கையுமா எவ்வளவு நேரமா நிக்கிறீங்க? ... என்னது, இலை போட்டு அரை மணி நேரமாச்சா? ... "ஐயா பேசிட்டிருக்கீங்களேன்னு சொல்லல"யா?

அடப்பாவமே... முன் வரிசையில எல்லாரும் செருப்பைத் துழாவுறாங்க!

முடிஞ்சுதுங்க. எந்திரிங்க, சாப்பிடப் போகலாம்.