நாக்கு நீட்டிய ரோல்

கிட்ட வந்து உட்காருங்கள். விளக்கு எரியட்டும். கதை முடிந்தபின் எப்படியும் அதை அணைக்க யாரும் எழுந்திருக்கப் போவதில்லை.

இரவு ஒன்றரை மணி. பைபாஸ் ரோடு. ஒரு நாய்கூட இல்லை... நம் நண்பன் சோடாபுட்டியின் அத்தான், அவன் அக்காவின் புருஷன், ஒரு கல்யாணத்தில் போட்டோ எடுத்துவிட்டு பைக்கில் வந்துகொண்டிருந்தார். சட்டைப் பையில் ஒரு பிலிம் ரோல். மூடப்போகும் ஸ்டூடியோவின் பிரிட்ஜிலிருந்து யாரோ எடுத்துக் கொடுத்தது. கலர் பிலிம்தான், ஆனால் அதிவேக ரகம். ஜீரோ வாட்ஸ் பல்பு வெளிச்சத்திலேயே படம் விழுந்துவிடும். கம்பெனி அதை நிறுத்தி எவ்வளவோ காலமாகிவிட்டது.

வழியெல்லாம் பின்சீட்டில் யாரோ உட்கார்ந்திருப்பதுபோல் பைக் இழுத்தது. டயரில் காற்றில்லை என்று நினைத்துக்கொண்டார்.

அந்த ரோல் அவருக்கு அவ்வளவு அவசரமாகத் தேவைப்பட்டது. விசேஷம் இல்லையா என்று கேட்கிறவர்களெல்லாம் கேட்டு ஓய்ந்தபின் பிறந்த குழந்தை. அது தும்மினாலே சோடாபுட்டியின் அக்காவுக்கு உயிர் போய் உயிர் வரும். ஒருமுறை பிளாஷ் அடித்துக் குழந்தை வீறிட்டதில், இனி இந்த அறையில் வெளிச்சம் அடித்தால் கேமராவோடு வெளியே படுத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டாள். செல்போனில் எடுத்தால் ஆகாதா என்று கேட்காதீர்கள். போட்டோகிராபரிடம் அதைக் கேட்டால், பேய்க்கு முன்னால் அவரே உங்கள் மேல் ஏறிவிடுவார்.

அன்றிரவே ரோலை மாட்டி, தூங்கும் குழந்தையைப் படமெடுத்துத் தீர்த்தார். அதுவரை விடிய விடிய அழுத குழந்தை... அன்று அசையவே இல்லை.

மறுநாள் பாத்ரூமில் பிலிமைக் கழுவினார். கெமிக்கல் நெடிக்கு நடுவே ஈரத் தலைமுடி வாசம். பிரிண்ட் போட்டுப் பார்த்தால்... தொட்டில் பக்கத்தில் ஒரு பெண். ஒரு படத்தில் நிற்கிறாள். அடுத்ததில் குனிகிறாள். அதற்கடுத்ததில் கை தொட்டிலுக்குள்.

அத்தான் நெகடிவை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். பிலிமின் முனை நாக்கு மாதிரி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் புது ரோல். உள்ளே போயிருந்தால் எடுத்து முடித்தது. ஆனால் சொந்தமாகக் கழுவுகிறவர்கள் எடுத்த ரோலிலும் நாக்கை வெளியே விட்டுவைப்பதுண்டு. யாரோ எடுத்ததைப் புதுசென்று மாட்டிவிட்டேன், படத்தின் மேல் படம் விழுந்திருக்கிறது என்று அக்காவுக்கு விளக்கினார்.

அக்கா சிரிக்கவில்லை. படத்தில் விரலை வைத்தாள்.

"ஒன்னு மேல ஒன்னு விழுந்தா ரெண்டும்தானே தெரியணும்? நம்ம தொட்டில் கம்பி வெள்ளை. இவ தலை அதை மறைக்குதே... எப்படிங்க?"

அத்தான் படங்களைக் கவிழ்த்து வைத்தார்.

அன்றைக்கே தொட்டிலை முன்னறைக்கு மாற்றினார்கள். குழந்தை தொண்டை கட்டும்வரை அழுதது. அக்கா தூக்கினால் விறைத்துக்கொண்டு இன்னும் அழுதது. விடியும்போது, வேறு வழியில்லாமல், பழைய மூலைக்கே தள்ளினார்கள். கப்சிப்.

அதன்பின் இரவில் தொட்டில் தானாக... க்ரீச்... க்ரீச்... என்று ஆடும். இருவரும் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு தூங்கக் கற்றுக்கொண்டார்கள். சம்பளம் கேட்காத ஆயா என்று அத்தான் ஒருநாள் ஜோக் அடித்தார். அக்கா சுவரைப் பார்த்துச் சொன்னாள்:

"நான் தூக்கினா அழுவுதுங்க. நான்தானே பெத்தேன்?"

குழந்தை கம்பியைப் பிடித்து நிற்கும் வயது வந்தது. ஒரு சாயங்காலம், அறைக்குள்ளிருந்து தெளிவாக ஒரு சொல். "அம்மா."

முதல் தடவை. அக்கா ஈரக் கையோடு ஓடினாள். வாசற்படியில் அப்படியே நின்றுவிட்டாள்.

குழந்தை அவள் பக்கம் திரும்பவில்லை. சுவரைப் பார்த்து இரண்டு கையையும் தூக்கிச் சிரித்துக்கொண்டிருந்தது. அக்குளில் சட்டை சுருங்கியது, யாரோ பிடித்ததுபோல்.

பாதங்கள் மெத்தையை விட்டு மேலே எழும்பின.